ஓசோன் பட்ட இலையில் மரபணுக்கள் என்ன செய்கின்றன

1950களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் புகையிலை பயிரிட்டவர்களுக்குப் புரியாத தொல்லை ஒன்று இருந்தது. நன்றாக முற்றிய இலையின் மேற்பரப்பில் ஒரே நாளில் வெள்ளையும் பழுப்புமாகப் புள்ளிகள் விழும். பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை, வைரஸும் கிடைக்கவில்லை. வானிலை மாறும்போது வருகிறது என்பதால் 'வானிலைப் புள்ளி' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் காற்றில் கலந்திருக்கும் ஓசோன்தான் என்று ஹெகஸ்டாட், மிடில்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1959இல் காட்டினார்கள்.

அந்தப் பிரச்சினையிலிருந்து இரண்டு புகையிலை ரகங்கள் ஆய்வுலகில் புகழ் பெற்றன. ஒன்று பெல் டபிள்யூ3, இன்னொன்று பெல் பி. இரண்டையும் ஒரே பாத்தியில் அருகருகே நட்டு வைத்தால், ஓசோன் ஏறிய நாளுக்கு அடுத்த நாள் டபிள்யூ3 இலைகள் புள்ளி புள்ளியாகக் கருகியிருக்கும். பக்கத்திலேயே நிற்கும் பி ரகத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதே மண், அதே வெயில், அதே காற்று. காற்றின் தூய்மையை அளக்க இந்த ஜோடியைப் பல நாடுகளில் உயிருள்ள கருவியாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஓசோன் கடுமையான ஆக்சிஜனேற்றி. ஆகவே அது இலையைச் சுடுகிறது, இலை கருகுகிறது என்று நினைப்பது இயல்பு. பாடப்புத்தகங்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லி முடிக்கின்றன. ஆனால் சுடுவது மட்டும்தான் கதை என்றால் இரண்டு ரகங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் சுட்டிருக்க வேண்டும். கடந்த முப்பது ஆண்டு மரபணு ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன: இலையில் நாம் பார்க்கும் சேதத்தில் பெரும் பங்கு செடியே எடுக்கும் முடிவு. ஓசோன் ஒரு தூண்டுதல். செல்லைக் கொல்லும் உத்தரவு செடியின் சொந்த மரபணுக்களிலிருந்து வருகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஓசோனைத் தாங்கும் பயிர்களை உருவாக்க முடியாது என்பதால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் எந்த ஓசோன் என்பதைத் தெளிவுபடுத்திவிடலாம். வானத்தில் உயரே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு வேறு. இங்கே பேசுவது தரைமட்ட ஓசோன். வாகனப் புகையிலும் தொழிற்சாலைப் புகையிலும் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள், ஆவியாகும் கரிமச் சேர்மங்களோடு வெயிலில் வினைபுரிந்து இதை உண்டாக்குகின்றன. வட அரைக்கோளத்தின் மிதவெப்பப் பகுதிகளில் இதன் பின்னணி அளவு இன்று நூறு கோடிப் பங்கு காற்றில் 30 முதல் 50 பங்கு. இந்த அளவைத்தான் பிபிபி என்கிறார்கள். 40 பிபிபியைத் தாண்டும் நேரத்தைக் கூட்டிக் கணக்கிட்டுப் பயிர்ச்சேதத்தை மதிப்பிடுவது ஐரோப்பாவில் நெடுநாள் வழக்கம்.

இலையின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு இருப்பதால் ஓசோன் அதன் வழியாக நுழைவது மிகக் குறைவு. அது உள்ளே போகும் வழி இலைத்துளைதான். கார்பன் டை ஆக்சைடை உள்ளே விடத் திறந்திருக்கும் அதே வாசல். உள்ளே போனதும் செல்களைச் சுற்றியுள்ள சுவரில் தேங்கியிருக்கும் ஈரத்தில் கரைந்து உடனே வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. இலைக்குள் இருக்கும் காற்றில் ஓசோனின் அளவு ஏறத்தாழப் பூஜ்யம் என்று 1989இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அதாவது ஓசோன் ஓசோனாக இருந்து செல்லுக்குள் போவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு, சூப்பராக்சைடு போன்ற வீரியமான ஆக்சிஜன் வடிவங்களாக மாறி, செல்லின் வெளிப்பக்கத்தில் நிற்கிறது.

அந்த ஈரத்தில் செடி வைத்திருக்கும் முதல் தற்காப்பு அஸ்கார்பிக் அமிலம், அதாவது நமக்குத் தெரிந்த வைட்டமின் சி. இது எவ்வளவு முக்கியம் என்பது தற்செயலாகவே தெரியவந்தது. அராபிடாப்சிஸ் என்ற சிறிய கடுகுக் குடும்பச் செடியில் சடுதிமாற்றங்களை உண்டாக்கி, ஓசோன் பட்டதும் எது வாடுகிறது என்று தேடினார்கள். அப்படிக் கிடைத்த ஒரு செடிக்கு முதலில் 'ஓசோனுக்கு எளிதில் இரையாவது' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். சோதித்துப் பார்த்தால், அதில் வைட்டமின் சி இயல்பான செடியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. 1996இல் இந்த முடிவு வெளியான பிறகு அந்த மரபணுவின் பெயர் விடிசி1 என்று மாறியது. செடி வைட்டமின் சியை எந்தப் பாதையில் தயாரிக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க இந்தச் செடிகள் பெரிதும் உதவின. ஓசோன் ஆய்வு செடியியலுக்குக் கொடுத்த கொடைகளில் இது ஒன்று. இன்னொன்றைப் பின்னால் பார்ப்போம்.

வைட்டமின் சி எல்லாவற்றையும் தடுத்துவிடாது. தப்பித்த ஹைட்ரஜன் பெராக்சைடை செல் சவ்வில் உள்ள ஏற்பிகள் உணர்கின்றன. அப்படி ஓர் ஏற்பிப் புரதம் 2020இல் அடையாளம் காணப்பட்டது. அதன் வெளிப்பகுதியில் உள்ள சிஸ்டீன் அமினோ அமிலங்கள் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றம் அடையும்போது அது விழித்துக்கொள்கிறது. செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. எம்பிகே3, எம்பிகே6 என்ற கைனேஸ் நொதிகள் நிமிடங்களுக்குள் இயங்கத் தொடங்கிச் செய்தியை உட்கருவுக்குக் கடத்துகின்றன.

இதற்குப் பிறகு நடப்பதுதான் முதல்முறை கேட்பவர்களை நம்பவிடாமல் செய்யும். செடி தன் செல் சவ்விலுள்ள நொதிகளைக் கொண்டு தானே சூப்பராக்சைடையும் பெராக்சைடையும் தயாரிக்கத் தொடங்குகிறது. டபிள்யூ3 ரகத்தில் பெராக்சைடு அளவைத் தொடர்ந்து அளந்தபோது இரண்டு எழுச்சிகள் தெரிந்தன. ஓசோன் படும்போது ஒன்று. ஓசோனை நிறுத்தி, செடியைச் சுத்தமான காற்றில் வைத்த பிறகு, சில மணி நேரம் கழித்து இரண்டாவது. பி ரகத்தில் முதல் எழுச்சி மட்டும்தான். இரண்டு ரகங்களின் வித்தியாசமும் அந்த இரண்டாவது எழுச்சியில் இருக்கிறது. அந்த நேரத்தில் காற்றில் ஓசோனே இல்லை.

சரி, செடி ஏன் தன்னைத் தானே தாக்கிக்கொள்ள வேண்டும்? ஓசோன் விட்டுச் செல்லும் பெராக்சைடு எழுச்சி, நோய்க்கிருமி தாக்கும்போது செடியே உண்டாக்கும் எழுச்சியைப் போலவே இருக்கிறது. கிருமி நுழைந்தால் செடி, தாக்கப்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள சில செல்களைத் திட்டமிட்டுச் சாகடித்து, உயிருள்ள செல்லை நம்பி வாழும் கிருமியைப் பட்டினி போடுகிறது. காட்டுத்தீ பரவாமலிருக்க முன்னாலேயே ஒரு கீற்று மரங்களை வெட்டிவிடுவது போன்ற உத்தி. கிருமிக்கு எதிரே அது பலன் தரும். ஓசோனுக்கு எதிரே பலனில்லை, ஏனென்றால் பட்டினி போட அங்கே ஒரு கிருமியும் இல்லை.

இது வெறும் ஊகமல்ல, மரபணுக்களின் செயல்பாட்டில் அப்படியே பதிவாகியிருக்கிறது. ஓசோன் பட்ட இலையில் எந்தெந்த மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன, அதாவது இயங்குகின்றன, என்று பார்த்தால், ஆக்சிஜனேற்றத்தைச் சமாளிக்கும் நொதிகளோடு, நோய் எதிர்ப்புக்கான பிஆர்1 புரதமும், பூஞ்சைச் சுவரை அரிக்கும் கைட்டினேஸ், குளுக்கனேஸ் நொதிகளும் கூடிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையோடு செடி சண்டை போடுகிறது. எதிர்ப்பக்கம் ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள் தணிகின்றன. முக்கியமாக, கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியின் சிறிய அலகுக்கான தூது ஆர்என்ஏ குறைகிறது. மொத்தத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாட்டு அளவு சில மணி நேரத்தில் மாறிவிடுகிறது. டபிள்யூஆர்கேஒய், ஈஆர்எஃப், என்ஏசி குடும்பங்களைச் சேர்ந்த படியெடுத்தல் காரணிகள், அதாவது மற்ற மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்யும் புரதங்கள், இந்த மாற்றத்தின் கடிவாளத்தைப் பிடித்திருக்கின்றன.

கடிவாளத்துக்கு மேலே மூன்று ஹார்மோன்கள்: எத்திலீன், சாலிசிலிக் அமிலம், ஜாஸ்மோனிக் அமிலம். எத்திலீனின் பங்கு முதலில் வெளிப்பட்டது. 1987இல் மெல்ஹார்ன், வெல்பர்ன் இருவரும் பட்டாணிச் செடிகளில் எத்திலீன் உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு ஓசோனில் வைத்தார்கள். வழக்கமாக வரும் இலைச்சேதம் வரவில்லை. இலைக்குள் போனது அதே ஓசோன்தான். ஒரு ஹார்மோனை நிறுத்தினால் சேதம் நிற்கிறது என்றால், அந்தச் சேதத்தை வெறும் வேதியியல் தீக்காயம் என்று இனியும் சொல்ல முடியாது. இந்தத் துறையில் ஒரே ஒரு சோதனையைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இதை மரபணு மட்டத்துக்குக் கொண்டுபோனது ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் காங்கஸ்யார்வியின் குழு. 2000இல் அவர்கள் அறிமுகப்படுத்திய அராபிடாப்சிஸ் சடுதிமாற்றத்தின் பெயர் ஆர்சிடி1. இதன் நடத்தையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். இயல்பான செடி சில மணி நேர ஓசோனைத் தாங்கிக்கொள்ளும். ஆர்சிடி1 செடியில் முதலில் சிறு புள்ளி தோன்றும். ஓசோனை நிறுத்திய பிறகும் அந்தப் புள்ளி நிற்காமல் விளிம்பு நோக்கி விரிந்துகொண்டே போகும். விரியும் விளிம்பில் சாயம் ஏற்றிப் பார்த்தால், செத்த செல்களுக்கு அடுத்து, இன்னும் உயிரோடிருக்கும் செல்களில் சூப்பராக்சைடு தேங்கியிருப்பது தெரியும். சாவு பக்கத்து செல்லுக்குத் தொற்றிக்கொண்டு போகிறது. எத்திலீன் உணரப்படுவதைத் தடுத்தால் விரிவது நிற்கிறது. வெளியிலிருந்து ஜாஸ்மோனிக் அமிலத்தின் மெத்தில் வடிவத்தைக் கொடுத்தாலும் நிற்கிறது. எத்திலீன் தள்ளுகிறது, ஜாஸ்மோனிக் அமிலம் நிறுத்துகிறது. சாலிசிலிக் அமிலம் சாவைத் தொடங்கிவைக்கும் பக்கம் சாய்கிறது. இயல்பான செடியில் இந்த மூன்றும் சமநிலைக்கு வருவதால்தான் சிறு புள்ளி விரியாமல் அப்படியே நின்றுவிடுகிறது.

அந்தச் செடியில் பழுதாகியிருக்கும் ஆர்சிடி1 மரபணுவின் புரதம், படியெடுத்தல் காரணிகளைப் பிடித்து வைக்கும் ஒரு மையம் என்பது பிறகு தெரிந்தது. டிரெப்2ஏ, அனாக்013, அனாக்017 போன்றவை அதோடு பிணைகின்றன. பின்னவை இரண்டும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து உட்கருவுக்கு வரும் செய்திகளுக்குப் பதில் தருபவை. பசுங்கணிகத்திலிருந்து வரும் செய்திகளும் இந்த இடத்தில் வந்து சேர்கின்றன. அப்புறம் ஒரு வியப்பு: இதே ஆர்சிடி1 செடி, பசுங்கணிகத்துக்குள் சூப்பராக்சைடை உண்டாக்கும் பாராகுவாட் களைக்கொல்லியை இயல்பான செடியைவிட நன்றாகத் தாங்குகிறது. இரண்டுமே ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான். ஆனால் ஒன்று செல்லுக்கு வெளியே தொடங்குகிறது, மற்றொன்று பசுங்கணிகத்துக்குள். எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்துச் செடியின் பதிலும் மாறுகிறது. 'ஆக்சிஜனேற்ற எதிர்ப்பை எல்லா இடத்திலும் கூட்டிவிட்டால் போதும்' என்ற எளிய தீர்வை நான் நம்பாததற்கு இது முக்கியக் காரணம்.

இந்த மூன்று ஹார்மோன்களும் ஆதியும் அந்தமும் என்றும் எண்ணிவிட வேண்டாம். மூன்றின் செய்திப் பாதைகளும் ஒருங்கே அறுபட்ட அராபிடாப்சிஸ் செடிகளை உருவாக்கி 2015இல் சோதித்தபோது, ஓசோனால் மாறும் மரபணுக்களில் பெரும் பகுதி அப்போதும் மாறிக்கொண்டுதான் இருந்தது. கால்சியமும் கைனேஸ்களும் ஹார்மோன்களைத் தாண்டித் தனி வழியில் உட்கருவை அடைகின்றன.

இனி வாசலுக்குத் திரும்புவோம், ஏனென்றால் ஓசோன் ஆய்வின் இரண்டாவது கொடை அங்கேதான் இருக்கிறது. ஓசோன் பட்ட பத்து நிமிடத்துக்குள் அராபிடாப்சிஸ் தன் இலைத்துளைகளைச் சுருக்குகிறது. அரை மணி, முக்கால் மணிக்குள், ஓசோன் இருக்கும்போதே மீண்டும் திறக்கிறது. இந்த விரைவான சுருக்கம் நடக்காத சில செடிகள் ஓசோன் சல்லடையில் சிக்கின. அவற்றில் ஒன்றின் பழுதான மரபணுவைத் தேடிப் போனால், அது துளையின் இருபுறமும் நிற்கும் காப்பு செல்களின் சவ்வில் இருக்கும் ஓர் எதிரயனிக் கால்வாய், அதாவது எதிர்மின் அயனிகள் கடந்து போகும் வழி. பெயர் ஸ்லாக்1. இந்தக் கால்வாய் திறந்து எதிரயனிகள் வெளியேறினால்தான் காப்பு செல்கள் நீரிழந்து தளர்ந்து துளை மூடும். இது இருக்க வேண்டும் என்று மின்னியல் அளவீடுகளிலிருந்து நீண்ட காலமாகத் தெரிந்திருந்தும், எந்த மரபணு என்று யாருக்கும் பிடிபடவில்லை. 2008இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் இதை அறிவித்தன. ஒன்று ஓசோன் வழியாக வந்தது. இன்னொன்று, ஜப்பானில், கார்பன் டை ஆக்சைடு வழியாக வந்தது. வறட்சி, இருட்டு, கார்பன் டை ஆக்சைடு, ஓசோன் என எதற்காகத் துளை மூடினாலும் இந்த ஒரே கால்வாய்க்கு வேலை இருக்கிறது.

இயற்கையிலேயே இருக்கும் வேறுபாடுகளும் வாசலைக் காட்டிக் கொடுக்கின்றன. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளிலிருந்து சேகரிக்கப்பட்ட சிவிஐ என்ற அராபிடாப்சிஸ் வகை ஓசோனுக்கு மிக எளிதில் இரையாகும். அதன் இலைத்துளைகள் மற்ற வகைகளைவிட அகலமாகத் திறந்திருக்கும். காரணங்களில் ஒன்றை எம்பிகே12 என்ற கைனேஸில் கண்டுபிடித்தார்கள்: அந்தப் புரதத்தின் 53ஆவது இடத்தில் கிளைசீனுக்குப் பதில் ஆர்ஜினீன். ஓர் அமினோ அமிலம் மாறியதால் துளையைச் சுருக்கும் செய்தி தடைபடுகிறது, அதிக ஓசோன் உள்ளே போகிறது.

அப்படியானால் துளையை நன்றாக மூடும் மரபணுக்களைப் பயிர்களில் ஏற்றிவிட்டால் போதுமே என்று தோன்றலாம். போதாது. மூடிய துளை வழியாகக் கார்பன் டை ஆக்சைடும் வராது. கோதுமையில் இதன் மறுபக்கம் தெரிகிறது. அதிக விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுத்த நவீன ரகங்கள் பல, பழைய ரகங்களைவிட ஓசோனுக்கு அதிகம் பாதிக்கப்படுகின்றன; விளைச்சலைக் கூட்டிய அகலத் திறந்த துளைகளே அதற்கு ஒரு காரணம். போதாததற்கு, ஓசோன் வெகுநேரம் பட்ட இலையில் எத்திலீன் கூடி, வறட்சியில் துளையை மூடச் சொல்லும் அப்சிசிக் அமிலத்தின் குரலை மங்கச் செய்வதும் சில செடிகளில் தெரியவந்திருக்கிறது. அப்போது ஓசோனும் உள்ளே வருகிறது, தண்ணீரும் வெளியே போகிறது.

மேலே சொன்ன பல முடிவுகள், அதிக ஓசோனைச் சில மணி நேரம் கொடுத்த ஆய்வகச் சோதனைகளிலிருந்து வந்தவை. வயலில் நிலைமை வேறு. அங்கே மிதமான ஓசோன் வாரக்கணக்கில் படுகிறது. புள்ளியே விழாமல் இருக்கலாம். ஆனால் முதுமைக்கான மரபணுக்கள் முன்கூட்டியே விழித்துக்கொள்கின்றன. ரூபிஸ்கோவும் பச்சையமும் குறைகின்றன. இலை தன் நாளுக்கு முன்பே மஞ்சளாகிறது. தானியம் நிரம்ப வேண்டிய நேரத்தில் இலை ஓய்ந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீடு ஒன்று, ஓசோனால் சோயாவில் 8.5 முதல் 14 சதவீதமும், கோதுமையில் 3.9 முதல் 15 சதவீதமும், மக்காச்சோளத்தில் 2.2 முதல் 5.5 சதவீதமும் விளைச்சல் போனதாகக் கணக்கிட்டது. கோதுமையில் இடைவெளி அவ்வளவு அகலமாக இருப்பதற்கு, ஓசோனை எந்த அளவுகோலில் கூட்டுகிறோம் என்பதே பெரிதும் காரணம்.

நெல்லில் நடந்த ஆய்வு இந்த இழைகள் பலவற்றை ஒரே இடத்தில் சேர்க்கிறது. ஓசோனுக்கு வாடும் ஜப்பானிய ரகமான நிப்பன்பாரேயையும், தாங்கும் கசலாத் ரகத்தையும் கலந்து உருவாக்கிய வரிசைகளில் எந்தக் குரோமோசோம் துண்டு தாங்கும் திறனைத் தருகிறது என்று தேடினார்கள். இலைக் கருகலைக் குறைக்கும் துண்டு ஒன்பதாவது குரோமோசோமில் கிடைத்தது. அதற்குள் இருந்த ஓராப்1 என்ற மரபணுவின் புரதம் செல்லுக்கு வெளியே, சுவரின் ஈரத்தில் வேலை செய்கிறது. பார்வைக்கு வைட்டமின் சியை ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதியைப் போன்ற அமைப்பு. சோதித்தால் அந்த வேலையைச் செய்யவில்லை. அந்த மரபணுவை முடக்கிய நெல்லை 20 நாள் ஓசோனில் வைத்தபோது இலைக் கருகல் குறைந்தது. செடியே பெராக்சைடு எழுச்சியைக் கிளப்பப் பயன்படுத்தும் நொதியின் செயல்பாடு தணிந்தது. ஜாஸ்மோனிக் அமிலத்துக்குப் பதில் தரும் மரபணுக்கள் கூடின. புகையிலையில் பார்த்த இரண்டாவது எழுச்சியும், ஆர்சிடி1 செடியில் பார்த்த நிறுத்தும் ஹார்மோனும் இங்கே ஓர் உணவுப் பயிரில் சேர்ந்தே தலைகாட்டுகின்றன. இரண்டு நெல் ரகங்களுக்கும் இடையே இந்த மரபணுவில் உள்ள வேறுபாடுகள், அதை எவ்வளவு படியெடுப்பது என்று தீர்மானிக்கும் முன்பகுதியில் நிறைய இருக்கின்றன.

ஆனால் ஓராப்1 முடங்கிய அந்த நெல்லிலும், ஓசோனால் பச்சையம் குறைவது சாதாரண நெல்லைப் போலவேதான் இருந்தது. வளர்ச்சி இழப்பைக் குறைக்கும் துண்டு தனியாக, எட்டாவது குரோமோசோமில் இருக்கிறது. ஆகவே புள்ளி விழாத இலையை மட்டும் பார்த்து ரகம் தேர்ந்தெடுப்பவர் பாதிப் பிரச்சினையைத்தான் தீர்ப்பார். செல்லைச் சாகச் சொல்லும் மரபணுவை அடக்குவதும், இலை முன்கூட்டியே ஓய்வதைத் தடுப்பதும் ஒரே செடியில் சேர வேண்டிய இரண்டு தனி வேலைகள்.